அறுபத்தேழு போட்ட முட்டை

திங்கட்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு முதல் கூடத்தின் இரும்புக் கதவைத் தள்ளித் திறந்தபோது அறுபத்தேழின் வயிற்றுக்குக் கீழே முட்டை கிடந்தது. ஐந்நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி அளவு இருக்கும், அலுமினிய நிறம், தொட்டால் வெதுவெதுப்பு, மேலெல்லாம் பொடிப்பொடியாக ஆணித் தலைகள், அம்மை போட்டு இறங்கின முகம் மாதிரி. எப்படி வந்தது என்று என்னிடம் கேட்காதீர்கள். கோழிக்கு எப்படி வருகிறது என்று யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் எனக்குத் தெரியாது, பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

அறுபத்தேழு என்பது இரண்டு விசிறி வைத்த பழைய டகோட்டா விமானம். வாலில் நானூற்று அறுபத்தேழு என்று எழுதியிருக்கும், அவ்வளவு நீளமாகச் சொல்ல ஊரில் யாருக்கும் பொறுமை கிடையாது. எங்கள் ஆவரங்காடு கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது. யுத்த காலத்தில் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன ஒரு ரன்வே எங்களுக்கு உண்டு, அதன் மேற்குக் கோடியில் தேசிய விமான அருங்காட்சியகம், மூன்று கூடம், பதினோரு விமானம். மீதி ரன்வே முழுக்க மாசி தொடங்கி சித்திரை வரைக்கும் ஊர் மிளகாய் வத்தல் காயப்போடும். மேலே இருந்து பார்த்தால் செக்கச்செவேல் என்று ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்குமாம், யார் பார்த்தார்கள் என்று தெரியாது. அந்த ரன்வேயில் விமானம் இறங்கியோ ஏறியோ உயிரோடு இருக்கிற ஒருத்தரும் கண்டதில்லை. எங்கள் பதினொன்றும் இறக்கையைக் கழற்றி லாரியில் வந்தவை.

என் அப்பா தவசிக்கனி அங்கே டெக்னீஷியன். நான் மைக் பிடித்து, வருகிறவர்களுக்கு விமானங்களின் வரலாறு சொல்கிறவள். அப்பாவின் வேலை, வந்த விமானத்தைப் பறக்க முடியாமல் ஆக்குவது: விசிறியை போல்ட் போட்டு இறுக்குவார், எண்ணெய்க் குழாயை அறுப்பார், டயருக்குள் காற்றுக்குப் பதில் சிமெண்டுப் பால் ஊற்றுவார், கடைசியில் ஒவ்வொரு சக்கரத்தைச் சுற்றியும் தரையில் சாக்குக்கட்டியால் வட்டம் போடுவார். தினமும் காலையில் அந்த வட்டத்தைக் குனிந்து பார்ப்பார். இருபத்திரண்டு வருசத்தில் ஒரு சக்கரமும் வட்டத்தைத் தாண்டவில்லை என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை.

அன்றைக்கும் முட்டையைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கதவ யாரு தெறந்து போட்டா?"

"தெறந்து போட்டா இது உருண்டு உள்ள வந்துருமாப்பா?"

அவர் அறுபத்தேழின் பக்கம் போனார். குனிந்து அறுபத்தேழின் மூன்று வட்டத்தையும் பார்த்தார். நிமிர்ந்தார். "சக்கரம் நகரல," என்றார், நிம்மதியாக.

இயக்குநர் ரேணுகா மேடம் வந்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முட்டையை இரண்டு சுற்றுச் சுற்றினார், பிறகு பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அருங்காட்சியகத்துக்குள் எது வந்தாலும் எப்படி வந்தது என்று எழுத நான்கு கட்டம்தான்: நன்கொடை, விலைக்கு வாங்கியது, மாற்றிக்கொண்டது, கண்டெடுத்தது. மேடம் இரண்டு நாள் யோசித்தார்.

"மேடம், இது நம்ம பொருள்லேருந்து வந்த பொருள்," என்றார் அப்பா.

"அதுக்குக் கட்டம் இல்லையேப்பா," என்று சொல்லி, கண்டெடுத்தது என்பதில் டிக் அடித்தார். வரிசை எண் பன்னிரண்டு.

ஊருக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. ஊருக்கு இருந்த ஒரே கவலை, தகப்பன் யார். அறுபத்தேழுக்கு நேர் எதிரில் ஊசி மூக்கு வைத்த ஒரு போர் ஜெட் நின்றது. இத்தனை வருசமும் அதன் வீரத்தைத்தான் நான் மைக்கில் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது அதன் பெயரைச் சொன்னாலே கூட்டம் சிரித்தது. பெண்கள் அதைத் தாண்டும்போது சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு போனார்கள். டீக்கடையில் ஒரு கட்சி ஜெட்டுக்காகப் பேசியது, "அவன் பாட்டுக்குச் சிவனேன்னு நிக்கான்" என்று, இன்னொரு கட்சி, "நிக்க நிலையிலயே தெரியலையா" என்றது. அப்பாவின் அக்கா சந்தனமாரி அத்தை நேரே அதன் முன்னால் போய் நின்று இடுப்பில் கை வைத்தாள்.

"மூஞ்சியப் பாரு. ஒண்ணுந் தெரியாத பய மாதிரி."

சந்தனமாரி அத்தைதான் எங்கள் ஊரிலேயே அதிக வத்தல் காயப்போடுகிறவள். ரன்வேயில் நானூறு அடி அவளுடையது, யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, அவள் தார்ப்பாய் விரித்த இடத்தில் வேறு யாரும் விரிப்பதில்லை, அவ்வளவுதான். முட்டையைத் தட்டிப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, "அடை வைக்கணும்லே தவசி" என்றாள். கேட்ட மாதிரி இல்லை, சொன்ன மாதிரி இருந்தது. மறுநாளே வைக்கோல் வந்தது. எங்கள் பக்கம் கோழியை அடை வைக்கும்போது முட்டைக்கு நடுவில் ஒரு இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வத்தலும் போடுவார்கள், இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டை உள்ளேயே கூழாகிவிடும். அத்தை ஒரு உடைந்த ஏர்க்கொழு, இரண்டு கரித்துண்டு, ஒரு கை வத்தல் கொண்டுவந்தாள்.

ரேணுகா மேடம் ஓடி வந்தார். "காட்சிப் பொருள் பக்கத்துல உணவுப் பொருள் வைக்கக் கூடாதும்மா. எலி வரும்."

"வத்தல எந்த எலி திங்கும்? திங்கட்டும், பாக்கேன்."

"இரும்பு எதுக்கு? விமானமே இரும்புதானே?"

"அது தகரம்," என்றாள் அத்தை. "இடி விழுந்து முட்டை கலங்குச்சுன்னா நீ பொறுப்பேத்துக்கிறியாம்மா? ஏத்துக்கிட்டா எடுத்துட்டுப் போறேன்."

மேடம் ஏற்றுக்கொள்ளவில்லை. அரசாங்க வேலையில் இருக்கிற யாரும் இடிக்குப் பொறுப்பேற்க மாட்டார்கள்.

எத்தனை நாள் என்பதில் சண்டை வந்தது. கோழிக்கு இருபத்தொன்று, வாத்துக்கு இருபத்தெட்டு, விமானத்துக்கு யாருக்குத் தெரியும். இரண்டு எஞ்சின், அதனால் இரண்டு இருபத்தொன்று என்று அப்பா கணக்குச் சொன்னார், ஊர் ஒத்துக்கொண்டது. அறுபத்தேழு பாவம், இறங்கி உட்கார முடியாது, கால் சிமெண்டு, அதனால் சூட்டுக்கு ஊர்தான் பொறுப்பு. தினமும் பிற்பகல் இரண்டு மணிக்கு ரன்வேயில் கொதித்துக் கிடக்கிற வத்தலைச் சாக்கில் அள்ளி, சாக்கோடு தோளில் ஏற்றி, முதல் கூடத்துக்குள் கொண்டுபோய் முட்டையைச் சுற்றி அணைத்து வைப்பார்கள், ஆறியதும் எடுத்துக்கொண்டு போய் மறுபடி காயப்போடுவார்கள். ஆளுக்கு ஒரு சாக்கு, வீட்டுக்கு ஒரு நாள், முறை வைத்து. நாற்பது நாளும் முதல் கூடத்தில் தும்மல் ஓயவில்லை. பார்க்க வந்தவர்கள் தும்மினார்கள், காவலாளி தும்மினார், நான் மைக்கில் தும்மி மூன்று கூடத்துக்கும் கேட்டது. நாற்பதாம் நாள் முட்டை தும்மியது.

நாற்பத்திரண்டாம் நாள், ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வாயில் கை பொத்தி நின்றுகொண்டிருக்கும்போது, ஆணித் தலைகள் ஒவ்வொன்றாகத் தெறித்து ஓடு விரிந்தது. உள்ளேயிருந்து கன்றுக்குட்டி உயரத்தில், இறக்கை இரண்டும் நனைந்த துணி மாதிரி உடம்போடு ஒட்டி, மூக்குக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அகல விசிறியோடு, தள்ளாடிக்கொண்டு வந்தது. சார் ஒருத்தர் பிள்ளைகளை நோக்கி, "குறிப்பு எடுத்துக்குங்க" என்றார். இதனால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

அறுபத்தேழுக்குப் பிறந்தது அறுபத்தெட்டு. பெயருக்கு அதற்கு மேல் யாரும் யோசிக்கவில்லை.

அது மண்ணெண்ணெய் குடித்தது. ரேஷன் கடையில் அப்பா போய் நின்றார், "எத்தனை உறுப்பினர்?" என்று கேட்டார்கள், "வீட்டுல ரெண்டு, மியூசியத்துல ஒண்ணு" என்றார், எழுதிக்கொண்டு ஊற்றினார்கள். வத்தலும் தின்றது, விதையைத் துப்பிவிடும். மூக்கில் கண்ணேறு படாமல் மைப் பொட்டு வைத்தார்கள், சக்கரத்துக்கு மேலே வசம்பு கட்டினார்கள். காது குத்த வேண்டும் என்று ஒருத்தி வந்து காதைத் தேடி அரை நாள் சுற்றிவிட்டுப் போனாள். மினி பஸ் டிரைவர் அதைக் கண்டால் ஹார்ன் அடிப்பார், அது பதிலுக்கு விர்ரென்று விசிறியைச் சுற்றும், பயணிகளின் தலைமுடி ஒரு பக்கமாகப் போகும், யாரும் கோபப்பட்டதில்லை. அப்பா மட்டும் சாக்குக்கட்டியோடு அதன் பின்னாலேயே அலைந்தார். அது நின்ற இடத்தில் குனிந்து வட்டம் போடுவதற்குள் நகர்ந்துவிடும். கூடம் முழுக்க, வாசல் முழுக்க, டீக்கடை வரைக்கும் பாதி வட்டம், கால் வட்டம், வெறும் கோடு.

பத்தாம் நாள் இறக்கை காய்ந்து விரிந்தது. அன்றையிலிருந்து அது அடிக்கடி மூக்கை மேலே தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. பருந்து போனால் பருந்து போன பக்கம் திரும்பும். நான் பார்த்தேன். எல்லோரும்தான் பார்த்தார்கள், ஆனால் பேசவில்லை.

பிறகு கடிதம் வந்தது. தலைமை அலுவலகம் எழுதியிருந்தது: வரிசை எண் பன்னிரண்டுக்குப் பறவாமைச் சான்று இன்னும் வரவில்லை, இக்கடிதம் கிடைத்த முப்பது நாளுக்குள் அது பறக்க இயலாதபடி செய்யப்பட்டு டெக்னீஷியன் கையெழுத்தோடு சான்று அனுப்பப்பட வேண்டும், தவறினால் இறக்கைகள் அகற்றப்பட்டு லாரி மூலம் தலைநகருக்கு எடுத்துச் செல்லப்படும். ரேணுகா மேடம் அதை எங்களுக்கு வாசித்துவிட்டு நாலாக மடித்தார். அவரும் மேசை டிராயரில் அறுபத்தெட்டுக்கென்று ஒரு பிடி வத்தல் வைத்திருந்தார், எனக்குத் தெரியும்.

ஊர் அன்று சாயங்காலமே ரன்வேயில் கூடியது. முடிவு எடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

"சிமெண்ட ஊத்திரு தவசி," என்றாள் அத்தை. "லாரில ஏத்தி ரெக்கைய அறுத்துக் கொண்டுபோறதுக்கு, இங்கயே நம்ம கண்ணு முன்னால கெடக்கட்டும். புதுசா கோழி வாங்கினா ரெக்கைய வெட்டி காலுல துணி கட்டிப் போடுதோம்லா? நாலு நாள் கத்தும், அப்புறம் வீடு பழகிரும்."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். பாசத்தில்தான் சொன்னார்கள், அதுதான் எனக்கு எரிச்சல். என்னிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் கேட்காமலே சொன்னேன்.

"கோழி ரெக்கை மறுபடி மொளைக்கும் அத்தை. சிமெண்டு ஊத்தின சக்கரம் என்ன மொளைக்கும்?"

"ஏட்டி, நீ சும்மா இரு. அது போயிட்டுன்னா?"

"போனா போகட்டும். ஒரு தடவையாவது பறந்துட்டு வரட்டும், அப்புறம் ஊத்துங்க உங்க சிமெண்ட. அப்பா, நீ பதினோரு விமானத்த நிறுத்திருக்க. ஒண்ணு பறந்து பாத்திருக்கியா?"

அப்பா சாக்குக்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். "இல்ல," என்றார்.

"டிவில கூடவா?"

"டிவில பாத்திருக்கேன்," என்றார். கூட்டம் சிரித்தது, எனக்கு அழுகை வந்தது, அதனால் எழுந்து போய்விட்டேன்.

கடிதம் வந்த முப்பதாம் நாள் மதியம். அப்பா முதல் கூடத்து வாசலில் சட்டியில் சிமெண்டு குழைத்து வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து சான்றுப் படிவத்தை நிரப்பினார். அறுபத்தெட்டு அவர் பக்கத்தில் வந்து முன் சக்கரத்தைத் தூக்கி அவர் முழங்காலில் வைத்தது. குடிக்க ஏதோ தருகிறார் என்று நினைத்துக்கொண்டது. அவர் அதைத் தள்ளவில்லை, அதன் மேலேயே படிவத்தை வைத்து எழுதினார். வரிசை எண், எழுதினார். எஞ்சின் எண்ணிக்கை, எழுதினார். மூன்றாவது வரியில் பேனா நின்றது.

"மேடம்," என்று கூப்பிட்டார். "கடைசியாகப் பறந்த நாள்னு கேட்டுருக்கு."

"இல்லைன்னு போட்டுடு தவசி."

"எப்படி மேடம் போடுறது? பதினொண்ணுக்கும் தேதி இருக்கு. பறந்ததப் பறக்காம ஆக்குனேன்னுதான நான் கையெழுத்துப் போடுதேன். பறக்கவே பறக்காததுன்னா அது விமானமே இல்ல, தகரம். தகரத்துக்கு எதுக்குச் சான்று? நாளைக்கு யாராவது கேட்டா பொய்க் கையெழுத்துன்னு ஆயிரும்."

"அதுக்கு என்ன செய்யச் சொல்ற?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. படிவத்தைப் பார்த்தே சொன்னார். "ஒரு தேதி வேணும். இன்னைக்குத் தேதி போட்டா சரியா இருக்கும்."

நான் மைக்கை எடுத்தேன். "ரன்வேய காலி பண்ணுங்க" என்றேன். விமானத்துக்காக அந்த வார்த்தையை அந்த ஊரில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை என்பதால் முதலில் யாரும் நகரவில்லை. மூன்று தடவை சொன்ன பிறகு வந்தார்கள், பெருக்குகிற வாரியலோடு, பலகையோடு, சாக்கோடு. உச்சி வெயிலில், ஒரு வருசத்து வெள்ளாமை முழுக்க விரிந்து கிடந்தது, அதை ஓரமாக ஒதுக்க வேண்டும், விசிறிக் காற்று அடித்தால் பாதி கரிசலோடு போகும், போனது போனதுதான். நானும் ஒரு வாரியலை எடுத்துக்கொண்டு போனேன், அத்தை தன் நானூறு அடிக்கு நடுவில் அசையாமல் நின்றாள். அவள் ஒதுக்காவிட்டால் ரன்வே இரண்டு துண்டு.

"போனா திரும்பி வருமாட்டி?"

"தெரியாது அத்தை."

"வரும்னு சொன்னா என்ன, வாயா தேஞ்சிரும்?"

"தெரியாததச் சொல்ல மாட்டேன்."

அவள் என்னை முறைத்துக்கொண்டே நின்றாள். பிறகு அறுபத்தெட்டைப் பார்த்தாள், அது அப்போதும் மூக்கை மேலே தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. "சனியன், ஒரு நாளாவது கீழ பாத்திருக்கா," என்று சொல்லி, என் கையிலிருந்த வாரியலைப் பிடுங்கித் தன் வத்தலைத் தானே தள்ள ஆரம்பித்தாள். மற்றவர்களை ஒதுங்கச் சொன்னாள், "என் வத்தல மிதிக்காதீக" என்று.

ஒரு மணி நேரத்தில் ரன்வே வெறும் தரையாகக் கிடந்தது, இரண்டு பக்கமும் சிவப்பு வரப்பு. எங்கள் வயதுக்காரர்கள் யாரும் அந்தத் தரையின் நிறத்தை அதுவரை வத்தல் காலத்தில் பார்த்ததில்லை. அறுபத்தெட்டுக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, சொல்லிக் கொடுக்க எங்களில் யாருக்குத் தெரியும். அது இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியைப் பார்த்தது, ஓடியது. முந்நூறு அடி போயிருக்கும், நடுவில் ஒரு பெரிய வெடிப்பு, சக்கரம் அதில் இறங்கித் தடுக்கி, மூக்குக் குத்தி, ஒரு சுற்றுச் சுற்றி விழுந்தது. ஊரே "ஆ" என்றது. அப்பா ஓடினார். என் அப்பா ஓடி நான் பார்த்ததே இல்லை. தூக்கி நிறுத்தி, விசிறியை விரலால் சுற்றிப் பார்த்து, வசம்பைச் சரியாக இழுத்து விட்டு, அதன் வாலைப் பிடித்து மறுபடி இந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு வந்தார், சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலிலிருந்து கூட்டி வருகிற மாதிரி.

"வெடிப்புக்கு இடது பக்கமாப் போ," என்று அதனிடம் சொன்னார். "இடது. எங்க, காட்டு பாப்போம். ஆங், அதான்."

இரண்டாம் தடவை அது இடது பக்கமாகப் போனது. விசிறிச் சத்தம் நெல் மில் சத்தம் மாதிரி ஏறியது, இரண்டு பக்கத்து வரப்பும் புகைந்து எழுந்தது, வத்தல், விதை, தூள், எல்லாம் செம்மேகமாகக் கிளம்பி எங்கள் கண்ணிலும் மூக்கிலும் நிறைந்தது, அந்தச் சிவப்புக்குள்ளே எங்கேயோ சக்கரச் சத்தம் மட்டும் நின்றது. சத்தம் நின்றதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் ரன்வேயில் ஒன்றும் இல்லை. அத்தனை பேரும் தும்மிக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார்கள், வத்தல் தூள்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். மற்றவர்கள் கதை தெரியாது, எனக்கு வத்தல் தூள் இல்லை.

மேலே இருந்தது. ஆவாரம்பூ அளவுக்கு. வெயிலில் மினுக்கென்று தெரியும், பிறகு தெரியாது, பிறகு வேறு இடத்தில் தெரியும். நான் திரும்பி முதல் கூடத்துக்குள் அறுபத்தேழைப் பார்த்தேன், ஒருவேளை அதன் விசிறி ஒரு சுற்றாவது அசைகிறதா என்று. அசையவில்லை. போல்ட் போட்டது அசையாது.

"ஏ, எறங்கி வா! கஞ்சி குடிக்கிற நேரம்!" என்று அத்தை வானத்தைப் பார்த்துக் கத்தினாள். அது தெற்கே போனது.

ரேணுகா மேடம் படிவத்தை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு வந்து நின்றார். மூன்றாவது வரியில் அப்பா தேதி எழுதியிருந்தார், அழகான கையெழுத்தில். நான்காவது வரி, விமானம் நிறுத்தப்பட்டுள்ள இடம். "தவசி, இதுல என்ன எழுதறது?" என்றார். அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இருபத்திரண்டு வருசம் தரையைப் பார்த்தே பழகிய கழுத்து, ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்ந்து நின்றார்.

"லேசா எடது பக்கம் சாயுது," என்றார். "நாந்தான் எடதுன்னு சொல்லிக் கெடுத்துட்டேன்."

"இடம், தவசி."

"இருங்க மேடம். சிமெண்டு இறுகிரும்." சட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார், கரண்டியை எடுத்துக்கொண்டார், ரன்வேயின் நடுவுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். அந்த வெடிப்புக்குப் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, வாயால் ஊதி, விரலை விட்டு உள்ளே கிடந்த வத்தல் விதைகளைப் பொறுக்கி எடுத்தார். பிறகு சிமெண்டை அள்ளி வைத்து அழுத்தித் தடவ ஆரம்பித்தார்.

"அப்பா, அது வராமப் போச்சுன்னா?"

"வராட்டா வராம இருக்கட்டும்." கரண்டியின் முதுகால் வழித்தார், ஓரத்தைச் சரிபார்த்தார், மறுபடி வழித்தார். "வந்தா தடுக்கக் கூடாது. போய்த் தண்ணி கொண்டா."

போய் ஒரு வாளி தண்ணீர் எடுத்தேன். மேலே பார்த்துக்கொண்டே நடந்ததில் பாதித் தண்ணீர் என் காலில் கொட்டிவிட்டது, மீதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், போதும் என்றார்.